பிராதில் சர்வே எண் தவறு: அண்ணாச்சிமார் வழி சொல்லுங்கள்

பாளையங்கோட்டையில் வக்கீல் குமாஸ்தாவாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பாகப்பிரிவினை வழக்கு ஒன்றின் பிராதை, அதாவது வழக்குத் தொடுத்த மனுவை, பட்டாவோடு ஒத்துப் பார்த்தால், சொத்து விவரத்தில் சர்வே எண்ணின் உட்பிரிவு 2பி என்பதற்குப் பதில் 2ஏ என்றிருக்கிறது. 2ஏ பக்கத்து வயல்காரருடையது! இப்படியே டிக்ரி (தீர்ப்பாணை) ஆனால் கட்சிக்காரர் பாடு திண்டாட்டம்தான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் (சி.பி.சி.) ஆர்டர் 6 ரூல் 17-ல் பிராதைத் திருத்த மனு போடலாம். விசாரணை தொடங்கிவிட்டால், எவ்வளவு கவனமாக இருந்தும் முன்பே கேட்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். இன்னும் தொடங்கவில்லை, அதனால்தான் அவசரப்படுகிறேன்.

சிக்கல் என்னவென்றால், மூலப்பத்திரத்திலும் 2ஏதான். எழுதிக் கொடுத்தவர் காலமாகிவிட்டார். அவர் வாரிசுகளிடம் பிழைதிருத்தல் பத்திரம் வாங்கிய பிறகுதான் மனுவா, அல்லது பட்டா, அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), புலப்படம் (நில அளவை வரைபடம்) வைத்தே போடலாமா? சீனியரிடம் விவரத்தோடு போய்ச் சொல்ல நினைக்கிறேன். இதே மாதிரி வழக்குக் கட்டு பார்த்தவர்கள் சொல்லுங்களேன்.