படம், பாட்டு, கூத்து பற்றி எங்கள் வாசிகசாலைக்கு என்ன புத்தகம் எடுக்கலாம்?

குளக்கட்டு:
வணக்கம். முள்ளியவளைப் பக்கம் ஒரு சின்ன வாசிகசாலை எங்களுடையது. மாதத்தில் ஒரு ஞாயிறு பத்துப் பன்னிரண்டு பேர் கூடி நாவலோ கவிதையோ வாசிப்போம். போன மாதம் ஒரு அம்மா தன்னுடைய கலியாணப் படத்தைக் கொண்டுவந்தா. 2009இல் கடைசிச் சண்டை நேரம் மாத்தளனில் இருந்து வெளிக்கிட்டபோது சொப்பிங் பைக்குள் அடையாள அட்டையோடு சுற்றி இடுப்பில் கட்டிக் கொண்டுவந்த படம், ஒரு மூலை தண்ணீர் பட்டு வெளிறிப்போய்விட்டது. அன்று புத்தகத்தை ஒருவரும் திறக்கவில்லை. பின்சீலையில் அந்த அரண்மனையை யார் கீறியது, மாப்பிள்ளை கட்டியிருக்கும் மணிக்கூடு யாருடையது என்று இரண்டு மணித்தியாலம் கதைத்தோம். ஓவியம், படம், இசை, கூத்து எல்லாவற்றையும் இப்படிக் கேட்கிற புத்தகங்கள் வேண்டும்: யார் செய்தது, யாருக்கு, யாருடைய காசில். ஆங்கிலம் என்றாலும் சரி, இரண்டு பேர் வாசித்துச் சொல்லுவோம்.

பாலைப்பழம்:
யோசிக்கவே வேண்டாம், ஓவியர் தா. சனாதனனின் 'தி இன்கம்ப்ளீட் தோம்பு' எடுங்கள். 2011இல் வந்தது. இடம்பெயர்ந்த ஆட்களிடம், விட்டுவந்த வீட்டின் படத்தை நினைவிலிருந்து கீறித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அவர்கள் கீறிய தாள், அதையே கட்டடக்கலைஞர் முறைப்படி வரைந்த தாள், பிறகு சனாதனனின் ஓவியம் என்று போகும். தோம்பு என்பது ஒல்லாந்தர் காலத்துக் காணிப் பதிவேடு என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும், காணி உறுதிப் பத்திரத்தைத் தொலைத்து இன்னும் காணிக்கு அலைகிற எங்கள் சனத்துக்கு அந்தப் பெயர் ஒன்றே போதும். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர்களும் கையில் எடுத்துப் பார்க்கலாம். நான் முதல் தடவை பார்த்தபோது கிணறு எந்தப் பக்கம், மாட்டுக்கொட்டில் எந்தப் பக்கம் என்றே தேடிக்கொண்டிருந்தேன்.

ஒட்டுசுட்டான் வாத்தியார்:
தங்கச்சி, ஜோன் பேர்கரின் 'வேய்ஸ் ஒஃப் சீயிங்' சேருங்கள், 1972. ஏழு கட்டுரைகளில் மூன்றில் எழுத்தே இல்லை, படங்கள் மட்டும். கெய்ன்ஸ்பரோ வரைந்த ஒரு கணவன் மனைவி ஓவியத்தைப் பற்றிச் சொல்லும்போது, பின்னால் தெரியும் வயல் வெறும் காட்சி இல்லை, அது அவர்களுடைய சொத்து, அந்தப் பெருமை முகத்திலேயே இருக்கிறது என்கிறார். எங்கள் ஊரில் புது உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று எடுத்த படங்களை நான் அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் பார்த்தேன்.

சூசன் சொன்டாக்கையும் சொல்லுவார்கள். 1977இல் வந்த 'ஒன் ஃபோட்டோகிராஃபி'யில், கொடுமையான படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் மனம் மரத்துப்போகும் என்று எழுதியவர், 2003இல் வந்த வேறொரு புத்தகத்தில் அதையே தானே மறுபடி கேள்வி கேட்கிறா. நல்ல புத்தகம்தான். ஆனால் அது பெரும்பாலும் தூர இருந்து பார்க்கிறவர்களோடு பேசுகிறது. படத்தில் இருக்கிறவர்களே வட்டமாக இருந்து வாசிக்கும்போது அவசரப்படாமல், பிந்தி எடுங்கள்.

மத்தளச்சத்தம்:
எல்லாரும் படத்தோடே நிற்கிறீர்கள், இசைக்குக் கர்நாடக இசைப் பாடகர் ரி. எம். கிருஷ்ணாவின் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' இருக்கிறது, 2020. மிருதங்கம் வாசித்தவர்களை எல்லாருக்கும் தெரியும். மாட்டுத்தோலும் ஆட்டுத்தோலும் பதப்படுத்தி, மூட்டி, சுருதி சேர்த்துக் கொடுத்தவர்கள் பெரும்பாலும் தலித் கிறிஸ்தவக் குடும்பங்கள், அவர்களின் பெயரை மேடையில் யாரும் சொன்னதில்லை. அவர்களைத் தேடிப்போய்க் கேட்டு எழுதியிருக்கிறார். வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்த மண்டபத்தைச் சென்னையில் இருக்கிற கலாசேத்திரா என்ற கலை நிறுவனம் திருப்பி எடுத்துக்கொண்டது, பிறகு வேறு இடத்தில் நடந்தது. தமிழிலும் கிடைக்கிறது.

இதை வாசித்த கையோடு உங்கள் பக்கத்துக் கோவலன் கூத்தைப் பற்றிக் கதையுங்கள். மத்தளத்துக்குத் தோல் போட்டது யார், செத்த வீட்டுக்குப் பறை அடிக்கக் கூப்பிட்ட ஆட்களைக் கூத்து ஆடுகிற களரிக்குக் கிட்ட விட்டார்களா என்று, கூத்துப் பழக்கிய வயதான அண்ணாவிமாரிடம் கேளுங்கள். இருக்கும்போதே கேளுங்கள்.

குளக்கட்டு:
எல்லாருக்கும் நன்றி. தோம்பில்தான் தொடங்கப் போகிறோம், பாலைப்பழம் அக்கா, உங்கள் பிரதியை ஒரு மாதம் தர முடியுமா? மத்தளச்சத்தம் அண்ணை கேட்டதை வாசித்ததும் கொஞ்சம் பயம் வந்தது, எங்கள் வட்டத்திலேயே இரண்டு பக்கத்து ஆட்களும் இருக்கிறார்கள். ஆனாலும் கேட்போம். நேற்று இரவு அம்மாவிடம் கொப்பித்தாள் கொடுத்துப் பழைய வீட்டைக் கீறச் சொன்னேன். கிணற்றை வடக்கே போட்டா. சித்தி பார்த்துவிட்டு இல்லை, கிழக்கே என்றா. இன்றைக்கும் முடியவில்லை அந்தச் சண்டை.