ஜெர்மனியை விட்டு வரியில்லாத துபாய்க்கு மாறலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

இரண்டுபெட்டி:
வணக்கம். ஜெர்மனிக்கு வந்து நான்கு வருடம் நான்கு மாதம் ஆகிறது. இப்போது துபாயில் ஒரு வேலை வந்திருக்கிறது. மொத்தச் சம்பளம் இங்கே வாங்குவதற்குக் கிட்டத்தட்டச் சமம், ஆனால் அங்கே வருமான வரி கிடையாது. இங்கே மாதக் கடைசியில் சம்பளச் சீட்டைப் பிரித்தால் வருமான வரி, ஓய்வூதியம், மருத்துவக் காப்பீடு, வேலையின்மைக் காப்பீடு, முதியோர் பராமரிப்புக் காப்பீடு என்று ஒவ்வொன்றாகக் கழிந்துகொண்டே வருகிறது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பிடித்தத்திலேயே போய்விடுகிறது.

விடுப்பு இரண்டு ஒப்பந்தத்திலும் 30 நாள். பெற்றோருக்கு வயதாகிவிட்டது, துபாயிலிருந்து ஊர் பாதித் தூரம்தான். பெரியவளுக்குப் படிப்பு கெடக்கூடாது என்பதால் மனைவியும் பிள்ளைகளும் ஒரு வருடம் இங்கேயே அதே வீட்டில் இருக்கட்டும், அப்புறம் அழைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். எக்செல் தாளில் போட்டுப் பார்த்தால் போகச் சொல்கிறது. நான் எதையாவது விட்டுவிட்டேனா?

பாலைவழி:
போய்விடுங்கள் நண்பரே, யோசிக்கவே வேண்டாம். நான் துபாயில் பதினோரு வருடமாக இருக்கிறேன். 2018 ஜனவரியில் 5 சதவீத மதிப்புக் கூட்டு வரி வந்தது, சம்பளத்தில் இன்றுவரை யாரும் கை வைக்கவில்லை. மாதச் செலவு போக மிஞ்சியதைத் தனிக் கணக்கில் போட்டே வந்தேன், கடன் முழுவதும் ஆறே வருடத்தில் முடிந்தது. வரி கட்டும் நாட்டில் இதற்குப் பதினைந்து வருடம் ஆகியிருக்கும்.

இன்னொன்று. அப்பாவுக்கு மாரடைப்பு என்று மதியம் போன் வந்தது. அன்று இரவே அவர் கட்டில் பக்கத்தில் இருந்தேன். கண் திறந்ததும் "எப்படா வந்த?" என்று கேட்டார். அதை எந்தக் கட்டத்தில் போடுவீர்கள்?

நிலைவாசல்:
அப்பாவைப் பற்றிச் சொன்னதில் எனக்கு மறுபேச்சே இல்லை பாலைவழி. ஆனால் இரண்டுபெட்டியின் தாளில் பெரிய ஓட்டைகள் இருக்கின்றன. நான் துபாயில் ஐந்து வருடம் இருந்துவிட்டு ஜெர்மனிக்கு வந்தவள் என்பதால் இரண்டு பக்கமும் தெரியும்.

முதலில் அந்த 30 நாள். ஜெர்மன் ஒப்பந்தத்தில் 30 என்று இருந்தால் பெரும்பாலும் அது வேலைநாள், அதாவது ஆறு வாரம். அமீரகச் சட்டத்தில் உள்ள 30 காலண்டர் நாள். சனி, ஞாயிறு, நடுவில் வரும் அரசு விடுமுறை எல்லாமே அதில் கழியும். நான்கு வாரம் இரண்டு நாளோடு முடிந்துவிடும். ஒரே எண்தான், ஆனால் ஒன்றரை வாரத்துக்கு மேல் வித்தியாசம். இங்கே விடுப்பில் காய்ச்சலில் படுத்தால் மருத்துவர் சான்று கொடுத்து அந்த நாள்களைத் திரும்ப வாங்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ஓய்வூதியம். இங்கே 60 மாதம் கட்டியிருந்தால்தான் முதுமையில் ஓய்வூதியம் கேட்கும் உரிமை வரும். நான்கு வருடம் நான்கு மாதம் என்றால் உங்களுக்கு ஆகியிருப்பது 52. இன்னும் எட்டே மாதம்! அதற்கு முன்னால் கிளம்பினால், பல வெளிநாட்டவர்களுக்கு இரண்டு வருடம் காத்திருந்த பிறகு தாங்கள் கட்டிய பங்கு மட்டும் திரும்பக் கிடைக்கும். முதலாளி கட்டிய அதே அளவு பங்கு வரவே வராது.

மூன்றாவது, பள்ளி. இங்கே அரசுப் பள்ளிக்குக் கட்டணம் இல்லை. அங்கே வெளிநாட்டவர் பிள்ளைகள் பெரும்பாலும் தனியார் பள்ளியில்தான் படிக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள், வருடா வருடம் ஏறும் கட்டணம். உங்கள் தாளில் அந்த வரிசை இருக்கிறதா?

பாலைவழி:
பள்ளிக் கட்டணத்தை ஒப்புக்கொள்கிறேன், அதை நிறுவனத்தோடு பேசி ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். வாங்காமல் போனவர்கள் கஷ்டப்பட்டதைப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வூதியத்தை ஒப்புக்கொள்ள மாட்டேன். 67 வயதில் வரப்போகும் சிறு தொகைக்காக இன்றைக்கு மூன்றில் ஒரு பங்கைக் கொடுப்பதா? அங்கேயும் பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து வருடத்துக்கு வருடத்துக்கு 21 நாள் சம்பளம், அதற்குப் பிறகு வருடத்துக்கு 30 நாள் சம்பளம். வேலையை விட்டதும் மொத்தமாகக் கைக்கு வரும்.

நிலைவாசல்:
அடிப்படைச் சம்பளத்தில் 21 நாள் என்று சொல்லுங்கள். வீட்டுப்படி, பயணப்படி எதுவும் அதில் சேராது. என் ஒப்பந்தத்தில் அடிப்படைச் சம்பளம் மொத்தத்தில் பாதிகூட இல்லை, கடைசி நாள் கணக்கு முடித்தபோதுதான் அதன் அர்த்தம் எனக்குப் புரிந்தது. அப்புறம், வேலை போனால்? இங்கே இரண்டு வருடம் கட்டியிருந்தாலே பொதுவாக 12 மாதம் உதவித்தொகை உண்டு, பிள்ளை இருந்தால் கைச்சம்பளத்தில் 67 சதவீதம். அங்கே 2023 முதல் காப்பீடு வந்திருக்கிறது, அது அடிப்படைச் சம்பளத்தில் 60 சதவீதம், மூன்று மாதம்தான். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் விசாவும் கையை விட்டுப் போகும், வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

கணக்கன்:
வரி வேலையில் இருப்பவன் என்பதால் ஒன்றை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன். இங்கே பலரும் அதைக் கவனிக்கவில்லை.

இரண்டுபெட்டி, மனைவியும் பிள்ளைகளும் அதே வீட்டில் இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயன்பாட்டுக்கு ஜெர்மனியில் வீடு இருக்கும்வரை சட்டப்படி நீங்கள் அங்கே குடியிருப்பவர்தான். "வெளியே 183 நாள் இருந்தால் போதும்" என்று ஆளாளுக்குச் சொல்வார்கள், நம்பாதீர்கள். அந்த 183 பல வரி ஒப்பந்தங்களில் குறுகிய காலத்துக்கு வேறு நாட்டில் போய் வேலை செய்பவர்களுக்கான விதி. வீடும் குடும்பமும் இருக்கும்போது அது உங்களைக் காப்பாற்றாது. குடியிருப்பவர் என்றால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அந்த வருமானம் ஜெர்மன் வரிக்குள் வரும். ஜெர்மனிக்கும் அமீரகத்துக்கும் இருந்த இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் 2021 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது, அதனால் ஒப்பந்தத்தைக் காட்டியும் தப்பிக்க முடியாது. அந்த ஒரு வருடத் துபாய்ச் சம்பளத்துக்குப் பெரும்பாலும் ஜெர்மன் வரிதான் கட்டுவீர்கள். குடும்பம் மொத்தமும் கிளம்பி, வீட்டை ஒப்படைத்து, முகவரிப் பதிவையும் நீக்கிய பிறகுதான் உங்கள் எக்செல் தாளுக்கே அர்த்தம் வரும்.

60 மாத விஷயத்துக்கு ஒரு துணைக்குறிப்பு. உங்கள் குடியுரிமை நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தம் இருந்தால், அங்கே கட்டிய மாதங்களையும் சேர்த்து எண்ண வாய்ப்பு உண்டு. முதலில் அதைப் பாருங்கள்.

இரண்டுபெட்டி:
கணக்கன், உண்மையிலேயே கை நடுங்குகிறது. வீட்டை வைத்துக்கொள்வது பிள்ளைகளுக்காகத்தான், அது வரிக் கணக்கையே புரட்டிப்போடும் என்று ஒருவரும் சொல்லவில்லை. இரவு உட்கார்ந்து எல்லாவற்றையும் மறுபடி போடுகிறேன்.

கடைசிஇருக்கை:
ஊர்ப் பயணத்தையும் தாளில் ஏற்றுங்கள் ஐயா. ஜெர்மனியில் பள்ளி விடுமுறை தொடங்குவதற்கு ஒரு நாள் முன்னால்கூடப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கிளம்ப முடியாது, அபராதம் போடுவார்கள். அதனால் டிக்கெட் விலை உச்சத்தில் இருக்கும் வாரத்தில்தான் நாம் பறந்தாக வேண்டும்.

போன கோடையில் மிச்சம் பிடிக்கிறேன் என்று இரண்டு தனித்தனி டிக்கெட் எடுத்தேன். முதல் விமானம் நான்கு மணி நேரம் தாமதம். நாங்கள் இறங்கி ஓடிப் போனபோது அடுத்த விமானத்தின் கதவு மூடிவிட்டது. அது வேறு நிறுவனம், வேறு டிக்கெட், அதனால் நாங்கள் "வரத் தவறியவர்கள்". சின்னவன் பெட்டியின் மேல் கவிழ்ந்து தூங்க, பெரியவள் என் செருப்பைத் தலைக்கு வைத்துப் படுத்திருக்க, கவுண்டரில் நான்கு புது டிக்கெட் வாங்கினேன். ஒரே முன்பதிவில் போயிருந்தால் ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி மாற்று விமானம் அவர்கள் பொறுப்பு. கடைசி ஊரில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக இறங்கினால், தவிர்க்க முடியாத காரணம் இல்லாத பட்சத்தில், நீண்ட பயணத்துக்கு ஆளுக்கு 600 யூரோ வரை இழப்பீடும் உண்டு. எனக்கு வந்தது முதல் பயணத்துக்கான சிறு தொகை மட்டும்.

நிலைவாசல்:
இதைத்தான் சொல்ல வந்தேன். ஊருக்குப் போவதை நாம் விடுமுறை என்று எழுதுகிறோம், அது விடுமுறையே இல்லை. வங்கி, மருத்துவமனை, பத்திரம், உறவு வீடுகள் என்று சுற்றிவிட்டுப் போனதைவிடக் களைப்பாகத் திரும்புகிறோம். ஆறு வாரம் இருந்தால் நான்கை ஊருக்குக் கொடுத்துவிட்டு இரண்டில் பிள்ளைகளோடு சும்மா இருக்கலாம். துபாயில் இருந்த ஐந்து வருடமும் எனக்கு அந்த இரண்டு வாரம் கிடைக்கவில்லை. என் மகன் வரைந்த குடும்பப் படங்களில் எல்லோர் கையிலும் பெட்டி இருக்கும்.

பாலைவழி:
இங்கேதான் நாம் இரண்டு பேரும் சேரவே மாட்டோம். பக்கத்தில் இருப்பவனுக்கு நான்கு வாரம் மொத்தமாகத் தேவையில்லை. வார இறுதியோடு இரண்டு நாள் சேர்த்தால் நான் போய்விட்டு வந்துவிடுவேன். வருடத்துக்கு ஐந்து முறை போகிறேன். அம்மா இப்போதெல்லாம் எனக்காகப் பண்டிகை மாதிரி எதுவும் செய்வதில்லை, நேற்றுப் போனவன் வந்த மாதிரி இருக்கிறார். எனக்கு அதுதான் வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை நான்கு வாரம் போனால் நாம் விருந்தாளி.

நிலைவாசல்:
ஐந்து முறை தனியாகப் போகிறீர்களா, குடும்பத்தோடா?

பாலைவழி:
பெரும்பாலும் தனியாக. நான்கு டிக்கெட் ஐந்து முறை முடியாது. கேட்க வேண்டிய கேள்விதான்.

இரண்டுபெட்டி:
மூன்று நாள் கழித்து வருகிறேன். தாளில் பள்ளி, டிக்கெட், ஓய்வூதியம், வேலைநாள் எல்லாம் ஏற்றிப் பார்த்தேன். நான் மட்டும் முதலில் போனால் நஷ்டம். குடும்பத்தோடு எட்டு மாதம் கழித்துப் போனால் இன்னும் லாபம்தான், ஆனால் முன்பு போட்ட தொகையில் பாதிகூட இல்லை. மனைவியிடம் காட்டினேன். எண்களைவிட அந்த 30 நாள் விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள். சேரும் தேதியைத் தள்ளிவைக்க முடியுமா, விடுப்பை 30 வேலைநாளாக மாற்ற முடியுமா என்று நிறுவனத்துக்கு இன்று காலை எழுதியிருக்கிறேன்.

பாலைவழி:
நல்லது. வேலைநாள் என்ற சொல் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், மின்னஞ்சலில் "ஆமாம்" என்று எழுதினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள். ஊர் டிக்கெட் எத்தனை பேருக்கு என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள். வருடாந்தர டிக்கெட் சட்டப்படி கிடைப்பது இல்லை, ஒப்பந்தத்தில் இருந்தால்தான் உண்டு. நான் முதல் ஒப்பந்தத்தில் ஒருவருக்கு என்று கையெழுத்துப் போட்டேன். நான்கு பேருக்கு என்று கேட்டிருந்தால் அன்றைக்குக் கொடுத்திருப்பார்கள்.