அம்மாயிக்குப் பகலில் பேச்சுத்துணை வேண்டும், உதவுங்கள்

எல்லோருக்கும் வணக்கமுங்க. அப்புச்சி தவறிய பிறகு அம்மாயியை, அதாவது அம்மாவின் அம்மாவை, காங்கேயம் பக்கத்துத் தோட்டத்துச் சாளையிலிருந்து திருப்பூருக்கு எங்களோடு அழைத்து வந்துவிட்டோம். இங்கே காலையிலேயே தெரு முழுக்க பனியன் கம்பெனிக்குக் கிளம்பிவிடுகிறது. திண்ணை வைத்த வீடே கிடையாது, கேட்டெல்லாம் பூட்டித்தான் இருக்கும். ஊரில் பால் சொசைட்டிக்குப் போய்வருவதற்குள் நாலு பேரிடம் பேசிவிடுவார். இங்கே பொழுது சாயும் வரை டிவிதான். சாப்பாடும் குறைந்துவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது.

முதியோர் உதவி எண் 14567-லும் கேட்கப் போகிறேன். ஆனாலும் போய்ப் பழகியவர்கள் சொன்னால் தைரியம். அனுப்பர்பாளையம் பக்கம் பெரியவர்கள் பகலில் கூடும் இடம் ஏதாவது உண்டா? மூட்டுவலி, அதிக தூரம் நடக்க மாட்டார்.

அப்புறம், உங்கள் வீட்டிலும் பெரியவர்கள் தனியாக இருந்தால் சொல்லுங்கள். எங்கள் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்காரலாம். காபி, பலகாரம் எங்கள் பொறுப்பு.