ஓடையில் கல்லைப் புரட்டிப் பார்த்தவர்கள் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். மழைக்காட்டு ஓடையில் முதல் கல்லைத் தூக்கியபோது அடியில் ஒன்றுமே இல்லை என்று கீழே வைக்கப் போனேன். கூட வந்த அக்கா, "அவசரப்படாதே, கொஞ்ச நேரம் பார்" என்றார். அரை நிமிடத்தில் கல்லின் ஒரு பகுதியே நகர்வதுபோல் இருந்தது. மேஃப்ளை என்ற, நீரில் வளர்ந்து பிறகு பறக்கும் பூச்சியின் இளம்பூச்சி. நீரின் இழுப்பில் அடித்துப் போகாத அளவுக்குத் தட்டை உடம்பு, பின்னால் மூன்று வால் இழைகள், வயிற்றின் இருபுறமும் படபடக்கும் செவுள்கள். (வாலை மட்டும் எண்ணி முடிவு செய்யாதீர்கள், இரண்டு வால் மேஃப்ளைகளும் உண்டு. கால் நுனியில் ஒற்றை நகம் இருந்தால் மேஃப்ளை, இரட்டை நகம் என்றால் அதைப்போலவே தோன்றும் ஸ்டோன்ஃப்ளை என்ற வேறு பூச்சி.)

அப்புறம் பின்னால் வலை கட்டிய 30 செ.மீ. சதுரச் சட்டத்தை ஓடையின் அடித்தரையில் பதித்து, உள்ளே இருந்த கற்களைக் கையால் தேய்த்துக் கழுவினோம். வந்ததெல்லாம் அந்த வலையில் சேர்ந்தது. வெள்ளைத் தட்டில் கொட்டியதும் தட்டே உயிரோடு நெளிந்தது. மணலைப் பட்டிழையால் ஒட்டிக் கூடு செய்திருந்த கேடிஸ்ஃப்ளை என்ற பூச்சியின் புழுக்கள், கூடு இல்லாமல் கல்லிடுக்கில் வலை பின்னி நீர் கொண்டுவருவதைச் சலித்துத் தின்னும் அதன் உறவினங்கள், கல்லோடு கல்லாக ஒட்டியிருந்த வட்ட வண்டுப் புழு ஒன்று.

பத்தடி தள்ளி ஒரு மடு. அதே தண்ணீர்தான், ஆனால் அங்கே அந்த மேஃப்ளை ஒன்றுகூட இல்லை. சருகுக்கடியில் தும்பியின் இளம்பூச்சிகள், நத்தைகள், சேற்றில் சிவப்புப் புழுக்கள். அந்தச் சிவப்பு ஹீமோகுளோபின், நம் ரத்தத்தில் இருப்பதுபோல ஆக்சிஜனைப் பிடித்துக்கொள்ளும் பொருள். ஆக்சிஜன் குறைந்த சேற்றில் அவை பிழைப்பது அதனால்தான். நீரின் வேகமும் அடித்தரையும் மாறினால் குடியிருப்போரே மாறிவிடுகிறார்கள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

பதில் 1

இரவில் ஒருமுறை டார்ச்சோடு போய்ப் பாருங்கள். பகலில் கல்லடியில் ஒளிந்திருப்பவை இரவில்தான் அதிகமாக மேலே வந்து நீரோட்டத்தோடு மிதந்து போகும். நான் பார்த்த ஓடையில் சருகைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தவை பூச்சிகள் இல்லை. சின்ன நண்டுகளும் இறால்களும்தான்.

பதில் 2

எனக்கு வருத்தமான அனுபவம். நான் வழக்கமாகப் போகும் ஓடைக்கு மேலே பாதை வெட்டினார்கள், மண் சரிந்து வந்தது. சில நாளில் தண்ணீர் தெளிந்துவிட்டது, சரியாகிவிட்டது என்றே எல்லோரும் சொன்னார்கள். கல்லைப் புரட்டினேன். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே இருந்த சந்தெல்லாம் வண்டலால் அடைபட்டிருந்தது. தட்டை மேஃப்ளை ஒன்றுகூட இல்லை, சிவப்புப் புழுக்கள் மட்டும் ஏராளம். இரண்டு மழைக்காலம் கழித்துப் போனபோது ஒரே ஒரு கல்லிடுக்கில் கேடிஸ்ஃப்ளை வலை ஒன்று இருந்தது. அந்தக் கல்லை எடுத்த இடத்திலேயே, அதே பக்கம் கீழே இருக்கும்படி வைத்துவிட்டு வந்தேன்.