கும்தோர் தங்கம்: அரசு கைக்கு வந்தால் பனியாறு பிழைத்துவிடுமா?

மலையேறி:
கிர்கிஸ்தானின் கும்தோர் சுரங்கம் 2022ல் கனடாவின் சென்டெரா கம்பெனி கையிலிருந்து முழுசாக அரசு கைக்கு வந்ததை இங்கே பலர் கொண்டாடுகிறீர்கள். எனக்கு ஒரே சந்தேகம்தான். முதலாளி மாறியது சரி, மலைக்கு அது தெரியுமா? 4,000 மீட்டர் உயரத்தில், டேவிடோவ் பனியாற்றின் தலையிலேயே கல்லையும் மண்ணையும் கொட்டினார்கள். பாரம் தாங்காமல் பனி நகர்ந்தது. அங்கே உருகும் தண்ணீர்தான் நாரின் ஆறாகி, சிர் தாரியாவாகி, உஸ்பெகிஸ்தான் பருத்தி வயல் வரை போகிறது.

கணக்குப்பிள்ளை:
நாட்டின் மொத்த உற்பத்தியில் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே குழியிலிருந்து வந்த வருடங்கள் உண்டு. அதை விட்டால் ஆடு மாடும், ரஷ்யாவுக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் அனுப்பும் பணமும். 2013ல் ஊர்க்காரர்கள் சாலையை மறித்தார்களே, சுரங்கத்தை மூடு என்றா கேட்டார்கள்? அரசுடைமையாக்கு என்றார்கள். சுவிட்சர்லாந்து மாதிரி மலையைப் பார்த்து ரசிக்க அவர்களுக்கும் ஆசைதான், முதலில் சோறு வேண்டுமே.

மலையேறி:
பார்ஸ்கூன் கிராமத்தில் போய் அதைச் சொல்லுங்கள். 1998 மே 20, சுரங்கத்துக்குப் போன லாரி கவிழ்ந்து தங்கத்தைப் பிரிக்கப் பயன்படும் விஷம், சோடியம் சயனைடு, சுமார் 1.7 டன் ஆற்றில் கொட்டியது. அந்த ஆறு போய்ச் சேருவது இசிக்-குல் ஏரியில்.

கணக்குப்பிள்ளை:
அது வெளிநாட்டுக் கம்பெனி காலம். அதனால்தானே அரசே நடத்தட்டும் என்கிறேன்!

பிஷ்கெக்வாசி:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கெக்கில் எம்பிபிஎஸ் படிக்கிறேன். கணக்குப்பிள்ளை சார், மாய்லூ-சூ கேள்விப்பட்டிருக்கிறீர்களா? இதே நாட்டில் 1946 முதல் 1968 வரை யுரேனியம் எடுத்த ஊர். நடத்தியது சோவியத் அரசு, எந்தக் கனடாக்காரனும் இல்லை. போகும்போது 23 கழிவுக் குட்டைகளை மலைச்சரிவில் விட்டுப் போனார்கள். 1958ல் ஒன்றின் கரை உடைந்து 6 லட்சம் கன மீட்டர் சேறு ஆற்றில் இறங்கியது. அந்த மலையில் இன்னமும் மண் சரிகிறது. கீழே ஃபெர்கானா சமவெளி, லட்சக்கணக்கான ஜனம்.

(குளிர்காலத்தில் எங்கள் ஹாஸ்டல் ஜன்னலில் துணி காயப்போட முடியாது, கரி படிந்துவிடும். அது தனிக் கதை.)

கணக்குப்பிள்ளை:
தனிக் கதை இல்லம்மா, என் கட்சியே அதுதான். வீட்டுக்கு வீடு நிலக்கரி எரிப்பது காசில்லாததால். தங்கம் விற்ற காசில் எரிவாயுக் குழாய் போடலாம். மாய்லூ-சூ அநியாயம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சோவியத் காலத்தில் யாரால் கேள்வி கேட்க முடிந்தது? இப்போது முடிகிறது. 2019ல் போராடி யுரேனியம் தோண்டவே தடை வாங்கினார்களே.

மலையேறி:
வாங்கினார்கள். 2024ல் அந்தத் தடை போய்விட்டது. நீக்கியது யார் தெரியுமா? கும்தோரைக் கைப்பற்றிய அதே ஆட்சி.

கணக்குப்பிள்ளை:
…சரி, அது எனக்கு அடிதான். அதற்காகச் சுரங்கத்தை மூடச் சொல்ல மாட்டேன்.

மலையேறி:
நானும் நாளைக்கே மூடச் சொல்லவில்லை. கும்தோர் கழிவுக் குட்டைக்கு மேற்புறம் பெட்ரோவ் ஏரி இருக்கிறது. பனியாறு உருக உருகப் பெருத்துக்கொண்டே போகிறது. அதன் கரை உடைந்தால் சயனைடு கலந்த சேறு நாரினில் இறங்கும். தங்கம் தீர்ந்த பிறகும் அந்தக் குட்டைக்குக் காவல் வேண்டும். அந்தச் செலவை உங்கள் கணக்கில் எந்தப் பத்தியில் எழுதியிருக்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
எழுதவில்லை. ராத்திரி உட்கார்ந்து பார்க்கிறேன்.