ஐந்தாவது வாரம், டிஎஸ்எச் 5.2: தைராய்டு மாத்திரையை நிறுத்துவதா, கூட்டுவதா?

கேள்வி: மலர்_திருப்பூர்

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு வயது 29. கல்யாணத்துக்கு முன்பிருந்தே தைராய்டு குறைவு இருக்கிறது, தைரோனார்ம் 50 தினமும் போடுகிறேன். இந்த மாதம் நாள் தள்ளிப்போனது. கார்டில் பார்த்தால் இரண்டு கோடு. கடைசி மாதவிலக்கிலிருந்து கணக்குப் போட்டால் ஐந்தாவது வாரம் நடக்கிறது.

உடனே பக்கத்து லேபில் டிஎஸ்எச் (தைராய்டு சுரப்பியைத் தூண்டும் ஹார்மோன், தைராய்டு குறைந்தால் இது ஏறும்) பார்த்தேன். 5.2 வந்திருக்கிறது. ரிப்போர்ட்டில் 0.4 முதல் 4.2 வரை சரியான அளவு என்று அச்சடித்திருக்கிறார்கள். மூன்று மாதம் முன்பு இதே லேபில் 3.1 தான் இருந்தது. நடுவில் மாத்திரையை விடவே இல்லை, பிறகு ஏன் ஏறியது என்று புரியவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். எட்டாவது வாரம் ஹார்ட் பீட் ஸ்கேனுக்கு வாருங்கள், அப்போது டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்று ரிசப்ஷனில் சொல்லிவிட்டார்கள்.

வீட்டில் அத்தை என் மேல் உயிராக இருப்பவர். அவருக்கு இரண்டு முறை கரு கலைந்திருக்கிறது, அந்தப் பயம் இன்னும் போகவில்லை. "மொத மூணு மாசம் ஃபோலிக் மாத்திரையத் தவிர எதுவும் வாயில போடாத கண்ணு" என்கிறார். பெரியம்மா இந்துப்பு வாங்கிக் கொடுத்துவிட்டு, இதைச் சாப்பிட்டால் தைராய்டு தானாகச் சரியாகிவிடும் என்கிறார். இன்டர்நெட்டில் ஒரு இடத்தில் 2.5-க்கு மேல் போகக்கூடாது என்கிறார்கள், இன்னொரு இடத்தில் 4 வரை பரவாயில்லை என்கிறார்கள். எட்டாவது வாரம் வரை காத்திருக்கலாமா? மாத்திரை குழந்தைக்கு ஏதாவது செய்யுமா? இதே நிலையில் இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில்: சின்னாளபட்டி அக்கா

மலர், முதலில் வாழ்த்துகள். மாத்திரையை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள் அம்மா. எட்டாவது வாரம் வரை காத்திருக்கவும் வேண்டாம். நான் மதுரையில் ஹார்மோன் டாக்டர் ஓபியில் வெகுநாள் நர்ஸாக இருந்தவள். எனக்கும் தைராய்டு உண்டு, இரண்டு பிள்ளைகளையும் இந்த மாத்திரையோடுதான் பெற்றேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

வயிற்றில் இருக்கும் குழந்தைக்கு இப்போது சொந்தமாகத் தைராய்டு ஹார்மோன் கிடையாது. அதன் சுரப்பி வேலையைத் தொடங்குவதே ஏறக்குறைய 12-வது வாரத்தில். அது தன் தேவைக்கு ஓரளவு சுரக்க 18, 20 வாரம் ஆகிவிடும். ஆனால் மூளையும் நரம்பும் உருவாகும் வேலை இப்போதே நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு வேண்டிய டி4 என்ற தைராய்டு ஹார்மோன் முழுக்க உங்கள் ரத்தத்திலிருந்துதான் போக வேண்டும். எட்டாவது வாரம் வரை பொறுப்பது சரியில்லை என்று நான் சொல்வது இதனால்தான்.

மாத்திரை விடாமலே 3.1 ஏன் 5.2 ஆனது என்று கேட்டீர்கள். கரு தங்கியதும் ஈஸ்ட்ரோஜன் ஏறுகிறது. அதனால் கல்லீரல் தைராய்டு ஹார்மோனைப் பிடித்துவைக்கும் ஒரு புரதத்தைக் கூடுதலாகச் செய்கிறது, இருக்கும் ஹார்மோனில் பெரும்பங்கு அதில் ஒட்டிக்கொள்கிறது. ரத்தத்தின் அளவும் கூடுகிறது. குழந்தைக்கும் பங்கு போகிறது. சுரப்பி நன்றாக இருப்பவர்களுக்கு அது கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டிவிடும். நம் சுரப்பிக்கு அந்தத் தெம்பு இல்லை. நேற்று வரை போதுமாக இருந்த 50 இன்று போதவில்லை, அவ்வளவுதான். நீங்கள் எதையும் தவறாகச் செய்யவில்லை.

இது அபூர்வமாக நடப்பதும் இல்லை. பாஸ்டன் டாக்டர்கள் 2004-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு ஆய்வு எழுதினார்கள். எங்கள் டாக்டர் ஒவ்வொரு பயிற்சி வகுப்பிலும் அதைச் சொல்லுவார். ஏற்கெனவே தைராய்டு மாத்திரை போட்டுக்கொண்டிருந்த 19 பெண்களின் 20 கர்ப்பங்களைத் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். 17-ல் டோஸைக் கூட்ட வேண்டியிருந்தது. சிலருக்கு ஐந்தாவது வாரத்திலேயே தேவை ஏறிவிட்டது. சராசரியாகப் பார்த்தால் பழைய டோஸில் கிட்டத்தட்ட பாதி அளவு கூடுதலாகத் தேவைப்பட்டிருக்கிறது. 16-வது வாரத்துக்கு அப்புறம்தான் ஏற்றம் நின்றது.

இதன் பிறகுதான், ஏற்கெனவே மாத்திரையில் இருக்கும் பெண்களுக்குக் கரு உறுதியானதும் டோஸை 20 முதல் 30 சதவீதம் கூட்டச் சொல்லும் வழக்கம் பரவலானது. தினமும் ஒன்று போடுகிறவர்களிடம், வாரத்தில் இரண்டு நாள் மட்டும் இரண்டாகப் போடுங்கள், அதாவது வாரத்துக்கு 7-க்குப் பதில் 9 மாத்திரை என்று எங்கள் ஓபியில் சொல்லி அனுப்புவோம். குழந்தைக்கு முயற்சி செய்யும்போதே இதைச் சொல்லிவிடுவோம், கார்டில் கோடு வந்த அன்றே தொடங்க வேண்டும் என்பதற்காக. உங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, டிஎஸ்எச்சும் ஏற்கெனவே ஏறியிருக்கிறது. அதனால் எவ்வளவு கூட்டுவது என்பதை உங்கள் டாக்டர் வாயால் கேட்டுச் செய்யுங்கள். ஆனால் இன்றோ நாளையோ கேளுங்கள். மறுபடி போன் செய்யும்போது ஸ்கேன் பேச்சையே எடுக்காதீர்கள். "ஐந்து வாரக் கர்ப்பம், தைராய்டு மாத்திரை 50 போடுகிறேன், டிஎஸ்எச் 5.2, டோஸ் மாற்ற டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்று ஒரே மூச்சில் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் பெரும்பாலும் உள்ளே தகவல் போகும். முடியவில்லை என்றால் வேறு பொது மருத்துவரையோ அரசு ஆஸ்பத்திரி ஓபியையோ பாருங்கள். முதலில் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரிடம் போனாலும் சரிதான்.

2.5-ஆ 4-ஆ என்ற குழப்பம் எல்லோருக்கும் வருவது. அமெரிக்கத் தைராய்டு சங்கம் 2011-ல் முதல் மூன்று மாதத்துக்கு 2.5 தான் மேல் எல்லை என்று சொன்னது. நம் மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014 வழிகாட்டுதலும் முதல் மூன்று மாதத்துக்கு அதே 2.5-ஐத்தான் வைத்தது. அந்த அளவுகோலை வைத்தால் நோயே இல்லாத நிறையப் பெண்களையும் நோயாளி என்று சொல்ல வேண்டியிருந்தது. அதனால் 2017-ல் அமெரிக்கச் சங்கம், அந்தந்த ஊர் மக்களின் அளவு தெரியாத இடத்தில் ஏறக்குறைய 4-ஐ மேல் எல்லையாக வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றியது. ஆனால் அது புதிதாகக் கண்டுபிடிப்பதற்கான எல்லை. உங்களைப் போல ஏற்கெனவே மாத்திரையில் இருப்பவர்களுக்கு 2.5-க்குக் கீழே வைத்திருப்பதுதான் இன்றும் குறி. இரண்டு இடத்திலும் எழுதியிருப்பது சரி, பேசுவது வேறு வேறு ஆட்களைப் பற்றி. லேப் ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் 4.2 கர்ப்பிணிகளுக்கான கணக்கு இல்லை, அதைப் பார்க்காதீர்கள்.

அத்தைக்கு ஒன்று சொல்லுங்கள். இந்த மாத்திரையில் இருப்பது நம் கழுத்துச் சுரப்பி தினமும் சுரக்கும் அதே டி4. உடம்பில் குறைவதை நிரப்புகிறோம், புதிதாக எதையும் உள்ளே விடவில்லை. தைராய்டு குறைவைக் கவனிக்காமல் விட்டால்தான் கரு கலையும் ஆபத்தும், மாதம் நிறையும் முன்பே பிரசவமாகும் ஆபத்தும் கூடுகிறது. அவர் எதற்குப் பயப்படுகிறாரோ அதைத் தடுக்கத்தான் இந்த மாத்திரை என்று சொன்னால் புரிந்துகொள்வார். முடிந்தால் டாக்டரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எங்கள் ஓபியில் எத்தனையோ மாமியார்கள் டாக்டர் வாயால் கேட்ட பிறகு, அப்புறம் அவர்களே விடியற்காலையில் மருமகளை எழுப்பி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள்.

5.2 பார்த்து ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். 10, 20 என்று வந்தவர்களும் சீக்கிரம் டோஸ் சரிசெய்து நல்லபடியாகப் பெற்றிருக்கிறார்கள். நீங்கள் ஐந்தாவது வாரத்திலேயே பார்த்துவிட்டீர்கள்.

இந்துப்பைச் சமையலுக்கு வைக்காதீர்கள். அதில் சொல்லும்படி அயோடின் இல்லை. கர்ப்பத்தில் ஒரு நாளைக்கு 250 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாதாரண அயோடின் உப்பையே பயன்படுத்துங்கள். கல்லுப்புதான் பழக்கம் என்றால் பாக்கெட்டில் அயோடின் சேர்த்தது என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அதே சமயம், உப்பு மாத்திரைக்குப் பதில் ஆகாது. அயோடின் சொட்டு மருந்து, கடற்பாசி மாத்திரை என்று யார் கொடுத்தாலும் வேண்டாம், அளவு மீறினால் அயோடினே சுரப்பியை அடக்கிவிடும்.

பதில்: மருந்தாளுநர்_நெல்லை

அக்கா முழுமையாக எழுதிவிட்டார்கள். மாத்திரை போடும் முறையைப் பற்றி மட்டும் சொல்கிறேன், கடையில் தினமும் பார்ப்பது இதுதான். டோஸைக் கூட்டியும் டிஎஸ்எச் இறங்கவில்லை என்று வருபவர்களிடம் கேட்டால், மாத்திரையைக் காபியோடு விழுங்கியிருப்பார்கள், அல்லது சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

வெறும் வயிற்றில் வெறும் தண்ணீரில் போடுங்கள். காபி, டீ, பால் எல்லாம் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான். இரும்பு மாத்திரைக்கும் கால்சியம் மாத்திரைக்கும் இதற்கும் நடுவில் நான்கு மணி நேரம் இருக்க வேண்டும். இப்போது உங்களுக்கு ஃபோலிக் மட்டும்தான் இருக்கும், அதில் பிரச்சினை இல்லை. நாலாவது மாதத்திலிருந்து இரும்பும் கால்சியமும் கொடுப்பார்கள், கவனம் அப்போதுதான் தேவை. காலை 5:30-க்குத் தைராய்டு, 10 மணிக்கு மேல் ஒரு கால்சியம், மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொஞ்ச நேரம் விட்டு இரும்பு, ராத்திரிச் சாப்பாட்டோடு இன்னொரு கால்சியம் என்று வைத்துக்கொண்டால் ஒன்றோடொன்று மோதாது. சில மல்டிவைட்டமினிலும் இரும்பு, கால்சியம் இருக்கும், பின்பக்கம் படித்துப் பாருங்கள். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் சாப்பிடுகிறீர்கள் என்றால் டாக்டரிடம் சொல்லுங்கள், அது தைராய்டு ரிப்போர்ட்டையே தப்பாகக் காட்டிவிடும்.

பாட்டிலை மூடி இறுக்கி, அடுப்படியில் இல்லாமல் வேறு இடத்தில் வையுங்கள். சூடும் ஈரமும் இந்த மாத்திரைக்கு ஆகாது. கம்பெனியை அடிக்கடி மாற்ற வேண்டாம். மாற்ற நேர்ந்தால் டாக்டரிடம் சொல்லி டிஎஸ்எச் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதில்: வேளச்சேரி வித்யா

எனக்கு நேர் எதிராக நடந்தது, அதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். தைராய்டு பிரச்சினையே இல்லாதவள் நான். ஒன்பதாவது வாரத்தில் மசக்கை தாங்க முடியாமல் டிரிப்ஸ் ஏற்றினார்கள், அப்போது பார்த்தால் டிஎஸ்எச் 0.03. எங்கள் சொந்தத்தில் ஒருவர் தைராய்டு அதிகமாகிவிட்டது, அதைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரை போட வேண்டும் என்று சொல்லிப் பயமுறுத்திவிட்டார். டாக்டர் கழுத்தையும் கண்ணையும் பார்த்தார், ஃப்ரீ டி4-உம் (புரதத்தில் ஒட்டாமல் ரத்தத்தில் இருக்கும் டி4) ஒரு ஆன்டிபாடி டெஸ்டும் எடுத்தார். கர்ப்பத்தில் சுரக்கும் எச்சிஜி ஹார்மோன் உருவத்தில் டிஎஸ்எச் போலவே இருப்பதால் சுரப்பியை அதுவே தூண்டிவிடுகிறது, மூன்றாவது மாதத்துக்குப் பின் அது இறங்கும்போது இதுவும் சரியாகிவிடும் என்றார். அப்படியே ஆனது. வாந்திக்கு மட்டும்தான் மருந்து கொடுத்தார். கார்பிமசோலை முதல் மூன்று மாதத்தில் தேவையில்லாமல் போட்டால் குழந்தைக்கு உறுப்புக் குறை வரும் ஆபத்து உண்டு என்பதால்தான் அவ்வளவு யோசித்திருக்கிறார். ஆகவே டிஎஸ்எச் குறைந்து வருபவர்கள் யாரும் நேராக மெடிக்கலுக்குப் போய்விடாதீர்கள்.

மலர்_திருப்பூர்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அக்கா சொன்னபடியே போனில் சொன்னேன், மறுநாளே வரச் சொல்லிவிட்டார்கள். அத்தையும் கூட வந்தார். டாக்டர் 75 ஆக்கிவிட்டார், ஃப்ரீ டி4-உம் பார்த்தார், அது சரியாக இருந்தது. நான்கு வாரம் கழித்து மறுபடி எடுத்ததில் டிஎஸ்எச் 2.1. ஸ்கேனில் ஹார்ட் பீட் நன்றாக இருக்கிறது. அத்தை இப்போது காபியைப் பிளாஸ்கில் ஊற்றி வைத்துவிட்டு, மணி பார்த்துத்தான் எனக்குக் கொடுக்கிறார்.

ஒரே ஒரு தொல்லை. காலையில் மாத்திரை போட்ட கொஞ்ச நேரத்திலேயே சில நாள் வாந்தி வந்துவிடுகிறது. இன்னொன்று போடலாமா?

பதில்: சின்னாளபட்டி அக்கா

படிக்கவே நிறைவாக இருக்கிறது மலர். அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

போட்ட உடனே, மாத்திரையே வெளியில் வந்துவிட்டது என்று தெரிந்தால், வயிறு அடங்கியதும் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். ஒரு மணி நேரம் கழித்து வந்த வாந்தி என்றால் விட்டுவிடுங்கள், பெரும்பகுதி உள்ளே போயிருக்கும். இந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும், ஒரு நாள் தவறினால் அளவு சட்டென்று விழுந்துவிடாது. தினமும் இப்படித்தான் என்றால் டாக்டரிடம் கேட்டு ராத்திரி படுக்கும் நேரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். சாப்பிட்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். அப்படி மாற்றினால் ராத்திரிக் கால்சியத்தை வேறு நேரத்துக்குத் தள்ள வேண்டியிருக்கும், மறந்துவிடாதீர்கள்.

2.1 வந்துவிட்டது என்று டெஸ்டை நிறுத்தக் கூடாது. 20-வது வாரம் வரை நான்கு வாரத்துக்கு ஒருமுறை பாருங்கள், அப்புறம் 30-வது வாரத்தையொட்டி ஒருமுறை. ரத்தம் எடுக்கும் நாளில் மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போடுங்கள். பிரசவம் ஆனதும் பெரும்பாலும் பழைய 50-க்கே இறக்குவார்கள், வார்டிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறாவது வாரம் ஒரு டிஎஸ்எச் பார்க்க வேண்டும். தாய்ப்பால் கொடுத்துக்கொண்டே இந்த மாத்திரையைப் போடலாம். குழந்தைக்கும் குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துத் தைராய்டு பார்ப்பார்கள், பிறந்து இரண்டு மூன்று நாளுக்குள். டிஸ்சார்ஜ் ஆகும் முன் அது எடுத்தாகிவிட்டதா என்று நீங்களே கேளுங்கள்.