அகலப் பாதத்துக்கு ஷூ: தஞ்சை, குடந்தை பக்கம் எங்கே கிடைக்கும்?

அம்மாவுக்கு நடைப்பயிற்சி ஷூ தேடுறோம். பெருவிரல் மூட்டு வெளியே புடைச்சிருக்கு; காலையில் முதல் அடி வைக்கும்போது குதிகால் வலி. சாயங்காலம், கால் கொஞ்சம் வீங்கின நேரத்தில் பேப்பரில் நிற்க வெச்சு வரைஞ்ச அளவு: நீளம் 24 செ.மீ., அகலம் 10.5.

கடையில் கேட்டா ஒரு சைஸ் பெரிசா எடுத்துத் தர்றாங்க. அதுல நீளம்தான் கூடுது. குதிகால் கழண்டு, பாதம் முன்னால வழுக்கி விரல் இடிக்குது. வேணும்கிறது 4ஈ அகலம் (ரொம்ப அகலமான ஷூவுக்குப் போடுற குறி), மூட்டு மேல தையல் வராத மெத்துத் துணி, கழற்றி மாத்துற உள்சோல், அழுத்தினா அமுங்காத பின்பக்கம். நடுவுல துணி மாதிரி மடங்குற சோல் வேண்டவே வேண்டாம். ஆண்கள் ஷூ இயல்பிலேயே அகலம் கூட, அதுவும் சரிதான். எம்.சி.ஆர். செருப்பு (மெத்து ரப்பர் செருப்பு) வீட்டுக்குள்ள ஓகே. வாய்க்கால் கரை ஈர மண்ணுக்கு ஆகாது.

போட்டுப் பார்த்து வாங்குற கடையோ, அளவெடுத்துத் தைக்கிறவரோ தெரிஞ்சா சொல்லுங்க. மயிலாடுதுறை, திருவாரூர்னாலும் வந்துடுவோம்.